அக்காவின் நட்சத்திரமும் ஆறு மணிச் சங்கும்

போன வாரம் விடிவதற்கு முன்பே கரண்ட் போய்விட்டது. அம்மா தடவித் தடவி மண்ணெண்ணெய் லாம்பைக் கொளுத்தினார். அந்த வாடைக்கு எனக்குத் தும்மல் வந்தது, அம்மாவுக்கு ஞாபகம் வந்தது.

"ஒங்க அக்கா பொறந்தன்னைக்கும் இப்படித்தான். ஃபெக்டரியில ஆறு மணிச் சங்கு ஊதுறப்பவே கும்மிருட்டு. லாம்பு வெளிச்சத்துலதான் புள்ள மொகத்தையே பாத்தோம்."

"ஆறு மணிக்கு எப்படிம்மா கும்மிருட்டா இருக்கும்?"

"அப்ப புது நேரம்டி. கவர்மெண்டு அரை மணி முன்னால தள்ளி வச்சிருந்தாங்கல்ல? சங்கு ஆறுன்னு ஊதும். வெளிய பாத்தா அஞ்சரை."

கையிலிருந்த பிளேன்டீ ஆறிப்போனது. இந்த அரை மணியை எனக்கு ஏன் யாருமே சொல்லவில்லை? சரி, நான் ஏன் கேட்கவில்லை?

மண்ணெண்ணெய் வாடையிலிருந்து மனசு பிரிண்டர் மை வாடைக்குத் தாவியது. ஏ.எல். பரீட்சை முடித்து கேம்பஸுக்குக் காத்திருந்த காலத்தில் ஹட்டனில் ஒரு போட்டோகொப்பி கடையில் வேலை பார்த்தேன். கடைக்காரர் முஸ்லிம், எங்களுக்கெல்லாம் நானா. அவர் ஜாதகம் கணிக்கிற சொஃப்ட்வெயர் ஒன்று வைத்திருந்தார். "எனக்கு ராசியும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது தங்கச்சி. மை தீராமப் பாத்துக்கிட்டாப் போதும்" என்பார்.

அதில் அயனாம்சம் என்று ஒரு மெனு இருந்தது. அது என்னவென்று தோண்டப் போய்த்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பூமி பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே தலையையும் மெதுவாக ஆட்டுகிறது. ஒரு ஆட்டம் முடிய ஏறக்குறைய இருபத்தாறாயிரம் வருஷம். அதனால் பருவத்தை வைத்துப் போடும் கணக்கும் நட்சத்திரத்தை வைத்துப் போடும் கணக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகின்றன. அந்த விலகல்தான் அயனாம்சம். இரண்டும் ஒன்றாக இருந்தது எந்தக் காலம் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. அதனால்தான் மெனுவில் அத்தனை பெயர். வானியல்காரர்களின் பிரச்சினை வேறு. நமக்குப் பக்கத்திலுள்ள சில நூற்றாண்டுகளுக்கு அவர்களுடைய சூத்திரம் மயிரிழை பிசகாது. பல்லாயிரம் வருஷம் தள்ளிப் போனால் அதே சூத்திரம் கிறுக்குப் பிடித்து எங்கேயோ ஓடும். கோடிக்கணக்கில் போனால் எந்தச் சூத்திரமும் கைவிரித்துவிடும். நிலா தள்ளிப் போகிறது, பூமியின் சுற்றும் தளர்கிறது. இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் ஹட்டனில் நான்தான் என்று எனக்கு அப்போது நினைப்பு.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்கு நோர்வூட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வேன் ஓட்டுகிறவர். பெண் பார்க்க வந்த அன்று ரொட்டியைக் கடித்துவிட்டு, "இது நீங்க சுட்டதா? அப்ப ஜாதகம் எதுக்கு?" என்றார். அக்கா உள்ளே ஓடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் அவருடைய அம்மாவுக்கு ஜாதகம் வேண்டும். கடையில் பிறந்த நேரம் ஆறு மணி என்று தட்டினேன். ஆயிலியம் வந்தது. ஆயிலியத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்துப் பயம். மெனுவில் ஒவ்வொரு பெயராக மாற்றினேன். மூன்றாவது பெயரில் பூசம் வந்தது. பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அந்த அம்மா வேறொரு கடையிலும் கணித்திருந்தார். அங்கே ஆயிலியம். இரண்டு தாளையும் தூக்கிக்கொண்டு எங்கள் லயத்து வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏம் பாப்பா, கடைக்குக் கடை நட்சத்திரம் மாறுமா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். ஊறுகாய்க்கு வைத்திருந்த தேசிக்காய் ஒன்றை எடுத்துத் தரையில் சுற்றிவிட்டு, பூமி ஆடுவதை விளக்க ஆரம்பித்தேன். தேசிக்காய் கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது. அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"பூமி ஆடட்டும் பாப்பா. எங்க வீடு ஆடக் கூடாதுல்ல. ஆயிலியம்னாகூட மகனுக்காகச் சரின்னிருப்பேன். பொய்ச் சீட்டு குடுத்திட்டீங்களே."

சம்பந்தம் அதோடு போனது. அக்கா என்னைத் திட்டவில்லை. அடுத்த மாதம் கொழும்பில் ஒரு கார்மெண்டுக்குத் தையல் வேலைக்குப் போனாள்.

கரண்ட் வந்ததும் லெப்டொப்பைத் திறந்தேன். பிறந்த நேரத்தை அரை மணி குறைத்து, அந்த இன்னொரு கடையின் அயனாம்சத்தையே வைத்துப் போட்டேன். பூசம். எந்தத் தில்லுமுல்லும் தேவைப்பட்டிருக்காது. இருபத்தாறாயிரம் வருஷத்தைத் துருவிய எனக்கு, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

அக்காவுக்கு அவளுடைய டீ நேரத்தில் போன் எடுத்துச் சொன்னேன்.

"அப்ப நான் பூசமா?"

"ஆமாக்கா."

அந்தப் பக்கம் டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அவருக்கு இப்ப ரெண்டு புள்ளைங்கடி," என்றாள். "சரி, இங்க பெல் அடிச்சிருச்சு."

வைத்துவிட்டாள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இப்போது எதுவும் அடிப்பதில்லை. ஃபெக்டரியை மூடிவிட்டார்கள், சங்கு கூரை மேல் துருப்பிடித்து நிற்கிறது. நானாவின் கடையில் பிரிண்டர் போய் போன் கவர் தொங்குகிறது. அந்த அரை மணியைக்கூட ஒரு சித்திரை வருஷப் பிறப்பையொட்டி கவர்மெண்டு திருப்பி எடுத்துக்கொண்டது. இப்போதெல்லாம் போன் தானாகவே நேரத்தைச் சரிபண்ணிக்கொள்கிறது. யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.