நூறாவது வயிறு

ஜெல் அக்காவோட ஸ்கேன் ரூம்ல பல்லி கொட்டாவி விட்டாக்கூடச் சத்தம் கேக்கும். அப்படியொரு அமைதி.

ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்குற வேலை. ஊரு வயித்துக்கெல்லாம் ஜெல்லு தடவித் தடவியே அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. சொந்தப் பேரு அவளுக்கே மறந்திருக்கும், கூப்பிட வீட்டுல ஆள் வேணாமா? ஒரு தட்டு, ஒரு தலகாணி. தும்முனா "என்னாச்சு?"ன்னு அவளே கேட்டு, "ஒண்ணுமில்ல"ன்னு அவளே சொல்லிக்குவா. வர்ற நோயாளிங்களும் திரையைத்தான் பயந்து பயந்து பாப்பாங்க. அவ மூஞ்சிய எவன் பாத்தான்?

இந்த வருசம் குழந்தை டாக்டரு ஒரு வேலை குடுத்தாரு. "நோயே இல்லாத நூறு பிள்ளைங்களோட வயித்து ரத்தக்குழாய அளந்து குடும்மா. எந்த வயசுக்கு எத்தனை மில்லிமீட்டர்னு பட்டியல் இருந்தாத்தான், நாளைக்கு நோயோட வர்ற பிள்ளைக்குக் குழாய் வீங்கியிருக்கான்னு கண்டுபிடிக்க முடியும்."

அவ்வளவுதான், ரூமு சந்தையாயிடுச்சு. ஜெல்லு பட்டதும் ஒருத்தன் சிரிச்ச சிரிப்புல சுவத்துச் சுண்ணாம்பே உதிர்ந்துச்சு. "மூச்சைப் பிடி கண்ணு"ன்னா, ஒருத்தி கன்னத்தை உப்பிக்கிட்டு பூசணிக்கா மாதிரி கிடந்தா. அக்காவும் வாயெல்லாம் பல்லாத் திரிஞ்சா. ஒரே ஒரு குறை. நல்லா இருக்குற பிள்ளை ஒரு தடவைதான் வரும். தொண்ணூத்தொம்பதும் வந்துச்சு, போச்சு.

நூறாவதா முன்பல்லு ரெண்டும் இல்லாத ஏழு வயசுப் பொண்ணு, அம்மாவோட வந்தா. சாப்பிட்டா அளவு மாறிடும், அதனால வெறும் வயித்தோட வரணும். குழாயெல்லாம் கண்ணாடி மாதிரி பளிச்சுனு தெரிஞ்சுது. அக்கா என்ன செஞ்சா? "வயித்துல காத்து மறைக்குது. நாளைக்கு வாங்க"ன்னுட்டா. மறுநாளும் அதே காத்து.

மூணாம் நாள் அம்மாக்காரி பொரிஞ்சு தள்ளிட்டா. "என் பொண்ணு வயித்துல இருக்கறது காத்தா புயலா? மூணு நாளா காலையில பட்டினி போட்டு இழுத்துட்டு வர்றேன்!"

"திட்டாதம்மா, அக்கா பாவம். மெசினுதான் சரியில்ல"ன்னா பொண்ணு. சொல்லும்போதே அவ வயிறு கடமுடன்னு சத்தம் போட்டுச்சு. பசி. திரையே ஆடுச்சு.

அக்காவுக்கு முகம் சுண்டிப்போச்சு. கருவிய வச்சு அளந்தா. பெரிய குழாய், ஒன்பது புள்ளி ரெண்டு மில்லிமீட்டர். எழுதினா. ஜெல்லைத் துடைச்சுவிட்டு, தன் பையில இருந்த பிஸ்கட்டை எடுத்துப் பொண்ணு கையில குடுத்தா.

"மெசினு நல்லாத்தான் இருக்கு. முதல் நாளே தெரிஞ்சுது. நான்தான் பொய் சொன்னேன்."

"எதுக்கு?"ன்னா அம்மாக்காரி.

"இவளோட நூறு பிள்ளைங்க கணக்கு முடிஞ்சுது. அப்புறம் பிள்ளைங்க யாரும் இங்க வர மாட்டாங்க."

அம்மாக்காரி அவளை ஏற இறங்கப் பாத்தா. "பேச்சுத்துணை வேணும்னா வாயத் தொறந்து கேக்கணும். பிள்ளை வயித்துல அடிக்கக் கூடாது."

பொண்ணு வாய் நிறைய பிஸ்கட்டோட, "அக்கா, உங்க வயித்துலயும் குழாய் இருக்கா?"ன்னு கேட்டா. பதில் வர்றதுக்குள்ள அம்மா கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டா. கதவு தானா சாத்திக்கிச்சு.

பல்லி மறுபடியும் கொட்டாவி விட்டுச்சு.

அக்கா கட்டில்ல ஏறிப் படுத்தா. தன் வயித்துல ஜெல்லு தடவுனா. ஐஸா சில்லுன்னுச்சு. இத்தனை பேருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்னு இன்னிக்குத்தான் அவளுக்குத் தெரிஞ்சுது. கருவிய வச்சா. திரையில பெரிய குழாய் டப்பு டப்புன்னு துடிச்சுது. இருக்கு கண்ணு, எனக்கும் இருக்கு.

பழக்கதோசத்துல "மூச்சைப் பிடி"ன்னு சொல்லி, அவளே பிடிச்சா. "ம், விடு"ன்னு சொல்ல ஆளில்ல. கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சுக்கிட்டுக் கிடந்தா.