உப்பலில் செய்த பச்சை ஜன்னல்

ஹைதராபாத்தின் அல்வாலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சமையலறை ஜன்னல் மூன்றடி ஒன்றரை அங்குல அகலம், நான்கடி உயரம். ஆறு இரும்புக் கம்பிகள். மரச்சட்டத்துக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள்; கீழ்ச்சட்டம் மட்டும் வெயில் பட்டு வெளுத்திருந்தது. ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. அளந்து, என் நாட்குறிப்பில் வரைந்தே வைத்திருக்கிறேன். அந்த ஜன்னலுக்காக நாங்கள் இரண்டு வருடம் எங்கள் சொந்த வீட்டுக்குப் போகாமல் இருந்தோம்.

சொந்த வீடு உப்பலில், மூன்றாவது மாடி. என் அலுவலகமும் உப்பலில்தான். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். புது வீட்டிலிருந்து அலுவலக வாசலுக்குப் பதினேழு நிமிட நடை. நடந்து பார்த்துத்தான் சொல்கிறேன். ஆனாலும் சாவி கைக்கு வந்த பிறகும் அல்வாலிலிருந்து ஸ்கூட்டரில் போய்வந்தேன். போக ஒரு மணி நேரம், வர ஒன்றேகால். காரணம் என் மனைவியின் சமையல் சேனல்.

அவள் ஒரு தனியார் பள்ளியில் இந்தி ஆசிரியையாக இருந்தாள். ஊரடங்கில் பள்ளியை மூடினார்கள். திரும்பத் திறந்தபோது அவளைக் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் தினமும் காலையில் புடவை கட்டி, தலை வாரிக்கொண்டு, போக இடமில்லாமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் ஒருநாள் எங்கள் மகள் கைப்பேசியை ஜன்னலுக்கு எதிரே பிடித்துக்கொண்டு, அம்மா புளிச்சகீரைப் பருப்பு செய்வதை எடுத்து இணையத்தில் ஏற்றினாள்.

என் மனைவியின் குடும்பம் நான்கு தலைமுறையாகச் சிக்கந்திராபாத்தில் இருப்பது. அவர்கள் தமிழில், ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்று, அந்த ஊர் உருது தாராளமாக வரும். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த எனக்குக் கல்யாணமான புதிதில் அது வேடிக்கையாக இருந்தது. அந்த வீடியோவில் மிளகாய் கிள்ளிக்கொண்டே, “காரம் ஜாஸ்தி நக்கோ, கொழந்தைங்க சாப்பிடணும்” என்றாள். ஜனங்களுக்கு அது பிடித்துவிட்டது. ஒரே வாரத்தில் நாங்கள் பார்த்தேயிராத ஊர்களிலிருந்து அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவர்களில் திருப்பூரில் தையல் வேலை செய்யும் ஒரு பெண். ஐந்தாவதோ ஆறாவதோ வீடியோவுக்குக் கீழே, அந்தப் பச்சை ஜன்னல் பக்கத்தில் அக்கா நின்று பேசும்போது தன் வீட்டு அடுப்படிக்கே வந்து பேசுவது போல இருக்கிறது என்று எழுதியிருந்தாள். என் மனைவி அதை மூன்று முறை சத்தமாகப் படித்தாள். அன்றிலிருந்து அந்தப் பெண் எங்கள் வீட்டில் ‘திருப்பூர் தங்கச்சி’. ஒவ்வொரு வீடியோவுக்கும் அவள் என்ன எழுதினாள் என்று பார்த்துவிட்டுத்தான் என் மனைவி மற்றவர்களுடையதைப் படிப்பாள்.

பிறகு, விளம்பரம் பிடித்துத் தரும் ஒரு நிறுவனத்திலிருந்து ஓர் இளம்பெண் பேசினாள். உங்கள் முகம் மட்டும் பிராண்ட் இல்லை மேடம், ஜன்னல், கல் மேடை, மஞ்சள் புடவை எல்லாம் சேர்ந்துதான் பிராண்ட், எதையும் மாற்றிவிடாதீர்கள் என்றாள். என் மனைவி அதை வேதமாக எடுத்துக்கொண்டாள். நான் விதிகளை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன்.

அதன்பின் அந்தச் சமையலறையில் எதுவும் நகரவில்லை. பழைய மிக்ஸி ஓடாமல் போனது. ஆனாலும் அது மேடையிலேயே நின்றது. புது மிக்ஸி படுக்கையறைத் தரையில் ஓடியது. சுவரில் காரை பெயர்ந்த இடத்தைப் பூசவில்லை. குழாய் சொட்டியபோது வாஷர் மாற்ற வந்த ஆளிடம், குழாய் அதே குழாயாகத்தான் இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னோம். அவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“மம்மி, இது கிச்சனா, மியூசியமா?” என்று மகள் கேட்டாள். “டிக்கெட் போட்டுடலாம்.”

ஆனால் காய்கறிச் சந்தையில் யாராவது ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து, நீங்கள் அந்த ஜன்னல் அக்காதானே என்று கேட்கும்போது என் மனைவியின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். பள்ளியில் பதினாலு வருடத்தில் அவளுக்கு அது கிடைக்கவில்லை. ஆகவே ஸ்கூட்டரில் போய்வந்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்கு, அந்த வார வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று குறித்துக்கொள்வேன். கூடவே இன்னொரு நோட்டில், முக்கியமாகத் தோன்றும் கருத்துகளைத் தேதியுடன் எழுதி வைப்பேன். குறையத் தொடங்கியது ஒரு நாளில் இல்லை. ஒரு வாரம் கொஞ்சம் குறைந்தது, மழை என்றோம். அடுத்த வாரம் பரீட்சை என்றோம். ஒரு பண்டிகை வந்து சிறிது ஏறியதும் நிம்மதியானோம். அது இறங்கியபோது சொல்ல ஒன்றும் இல்லை.

அவள் எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். ஒரு நிமிட வீடியோ போட்டாள். வேகமாகப் பேசப் பழகினாள். முகப்புப் படத்தில் வாயைப் பிளந்து ஆச்சரியப்பட வேண்டும் என்று யாரோ சொல்ல, கண்ணாடி முன்னால் நின்று பழகினாள்.

“ஒரு கத்திரிக்காயைப் பார்த்து இவ்ளோ ஆச்சரியப்பட என்ன இருக்குன்னு தெரியலைங்க” என்றாள். ஆனாலும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள். நான் படம் எடுத்தேன். பதினோரு படம் எடுத்ததில் ஒன்றிலும் அவள் கண்கள் ஆச்சரியப்படவில்லை. விளம்பர நிறுவனத்துப் பெண் எங்கள் செய்திகளுக்குப் பதில் போடுவதை நிறுத்தினாள்.

அந்தச் சமயத்தில்தான், கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா மேலே வந்து, தெலுங்கில் மிக மரியாதையாக, வீட்டை இடித்து மூன்று மாடி கட்டப்போவதாகச் சொன்னார். இரண்டு மாத அவகாசம் கொடுத்தார். மற்ற யாராக இருந்தாலும் சொந்த வீடு காத்திருக்கிறது என்று சந்தோஷமாகக் கிளம்பியிருப்பார்கள். என் மனைவி மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஜன்னலும் போச்சுன்னா, இருக்கறவங்களும் போயிடுவாங்க” என்றாள். “அப்புறம் என்னை யாருக்குங்க தெரியும்?”

ஜன்னலை மட்டும் பெயர்த்துக் கொடுக்கிறீர்களா என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். கதவு ஜன்னல் மொத்தத்தையும் பழைய மரச்சாமான் வியாபாரிக்குப் பேசி முடித்துவிட்டாராம். அப்போதுதான் அதே மாதிரி ஒன்றைச் செய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. ஒரு கருவியைப் போல இன்னொன்று இருக்கிறதா என்று பார்ப்பதுதானே என் வேலை. மனைவியிடம் சொன்னேன். அவள் அளவு டேப்பை எடுத்து வந்து தந்தாள்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. உப்பல் சமையலறையில் இருப்பது அலுமினிய ஜன்னல். துணி காயப்போடும் பொதுப் பால்கனியைப் பார்த்தது. அதன் மேல், தச்சரைக் கொண்டு பிளைவுட்டில் சட்டம் அடித்து, ஆறு கம்பிகள் வைத்து, பின்னால் வெள்ளைத் துணி கட்டி விளக்குப் போட்டேன். அல்வால் சட்டத்திலிருந்து ஒரு பெயர்ந்த வண்ணச் சில்லைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போய், பெயிண்ட் கடையில் அதே பச்சையைக் கலக்கச் சொன்னேன். கீழ்ச்சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்து வெளுப்பாக்கினேன். மேடையின் கிரானைட்டுக்கு மேல், அல்வாலில் இருந்தது போலவே சாம்பல் நிற ஷாபாத் கல் ஒன்று போட்டோம். பழைய மேடையின் வலது ஓரத்தில் ஒரு மஞ்சள் கறை உண்டு. என் மனைவி மஞ்சள்பொடியை எண்ணெயில் குழைத்து, அதே இடத்தில் இரண்டு நாள் ஊற வைத்தாள். காரை பெயர்ந்த வடிவத்தை நான் புகைப்படத்தைப் பார்த்துப் பென்சிலால் வரைந்து, உளியால் சுரண்டினேன். புது வீட்டின் புதுச்சுவர் அது.

மகள் வாசலில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். “டாடி, ஆஃபீஸ்ல இவ்ளோ பண்ணியிருந்தா ப்ரமோஷன் வந்திருக்கும்.” பிறகு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “கைக்கு டாடி, எதுக்கு இதெல்லாம்? அம்மாகிட்ட யாராவது உண்மையைச் சொல்லுங்க” என்றாள். என்ன உண்மை என்று நான் கேட்கவில்லை.

சொல்லப்போனால் அந்த நான்கு வாரமும் நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருந்தோம். பழைய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கம்பியில் துரு எந்தப் பக்கம் என்று சண்டை போட்டோம். புது வீட்டுக்குக் குடிவந்ததும் முதல் வீடியோவுக்குப் புளிக்குழம்பு. வியாழக்கிழமை எடுத்து, சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஏற்றினோம். திரையில் பார்த்தபோது எனக்கே அல்வால் என்றுதான் தோன்றியது.

அவளுக்குப் பயம், கண்டுபிடித்துவிடுவார்கள் என்று. நிழல் தப்பாக விழுகிறது, வெளிச்சம் வெள்ளையாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மத்தியானம் வரை கைப்பேசியைத் தொடவில்லை. நான்கு மணிக்கு எடுத்துப் பார்த்தாள். ஐந்து கருத்துகள். ஒருவர் எல்லா வீடியோவுக்கும் எழுதுவதுபோல வணக்கம் என்று எழுதியிருந்தார். ஒருவர் புளி எத்தனை கிராம் என்று கேட்டிருந்தார். ஒருவர் தன் சேனலைப் பார்க்கும்படி வேண்டியிருந்தார். மற்ற இரண்டில் கைகூப்பும் படங்கள். ஜன்னலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அன்று அவள் சந்தோஷப்பட்டாள். ஏமாற்றிவிட்டோம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை சந்தோஷம் இல்லை. திங்கட்கிழமை சாப்பிடும்போது சொன்னாள்: “திருப்பூர் தங்கச்சி கண்டுபுடிச்சிருப்பா. அவ கண்ணு தப்பாதுங்க. கோவத்துல இருக்கா, அதான் ஒண்ணும் எழுதல.” செவ்வாய்க்கிழமை ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதத் தொடங்கினாள். வீடு மாறிய கதை, இடித்த கதை, பொய் ஜன்னல் வைத்ததற்கு வருத்தம். சேனலில் எல்லோரும் படிக்கும்படி போடப்போவதாகச் சொன்னாள்.

அன்று மாலை கருத்துகள் எழுதி வைத்த நோட்டை எடுத்துத் திருப்பூர்ப் பெண்ணின் வரிகளைத் தேடினேன். பின்னாலிருந்து தேடிக்கொண்டே போனேன். கடைசியாக இருந்தது ‘நல்லா இருக்கு அக்கா’. ஒரு வருடம் நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. அதன்பின் ஒன்றுமில்லை. ஞாயிறு தவறாமல் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தவன், யார் எழுந்து போனார்கள் என்று ஒருமுறையும் புரட்டிப் பார்க்கவில்லை. என் மனைவியும் ஒவ்வொரு நாளும், அந்தப் பெண் இன்றைக்கு எழுதுவாள், நாளைக்கு எழுதுவாள் என்று நம்பி, நாட்களை எண்ணாமலே இருந்திருக்கிறாள்.

சொல்லாமலிருக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் புதன்கிழமை அவள் கடிதத்தை முடித்து, பிழை பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் நீட்டினாள். அதைக் கீழே வைத்துவிட்டு நோட்டைப் பிரித்துக் காட்டினேன். அவள் தேதியைப் படித்தாள். விரல்விட்டு எண்ணினாள்.

“அப்போ நாம அல்வால்லதான இருந்தோம்?”

“ஆமா.”

“ஜன்னல் அங்கயேதான இருந்துச்சு?”

“இருந்துச்சு.”

நோட்டை மூடினாள். “உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னமோ” என்றாள். பிறகு தானே தலையை ஆட்டினாள். “இல்ல. வேற எதையாவது பாக்கறா. பாக்கட்டும்.” கடிதத்தை நான்காக மடித்தாள். “நீங்களும் சும்மா அந்த ரோட்ல அலைஞ்சிருக்கீங்க.”

அலைந்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை என்று சொன்னேன். அது முழுக்க உண்மை இல்லை.

அந்த வாரம் ஒன்றும் போட வேண்டாம் என்றாள். யாராவது கேட்கிறார்களா பார்க்கலாம் என்றாள். நான்கு சனிக்கிழமைகள் போயின. முதல் இரண்டு சனிக்கிழமையும் பதினோரு மணிக்கு அவள் கை கைப்பேசிக்குப் போனது. மூன்றாவது வாரம் போகவில்லை. அக்கா எங்கே என்று யாரும் கேட்கவில்லை. யாரையும் குறை சொல்வதற்கில்லை. நானே எத்தனையோ பேரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிறுத்தியது தெரியாமலே நிறுத்தியிருக்கிறேன்.

ஐந்தாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை, சமையலறையில் புழுக்கம் தாங்கவில்லை, அந்தப் பொய் ஜன்னலைக் கழற்றிவிடுங்கள் என்றாள். பதினான்கு திருகாணிகள். அசையக் கூடாது என்று நானே இறுக்கியவை. மூன்று தலை தேய்ந்துவிட்டன. மகள் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தாள், கிண்டல் ஒன்றும் பண்ணவில்லை. சட்டம் வந்தபோது கூடவே கையகலத்துக்குப் பூச்சும் வந்தது. பின்னால் அலுமினிய ஜன்னல், அதற்கு வெளியே எதிர் வீட்டுக்காரர்களின் போர்வைகள். என் மனைவி கண்ணாடியைத் தள்ளித் திறந்தாள். பிறகு பூச்சுத்தூளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஷாபாத் கல்லையும் எடுத்துவிடவா என்று கேட்டேன். ஈரத்துணியால் கறையைத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

“கல்லு இருக்கட்டுங்க” என்றாள். “சப்பாத்தி தேய்க்க நல்லா இருக்கு.”