மாமியார் சாவுக்கு எடுத்த லீவு

தாவீதுக்குப் பொய் சொல்ல வராது என்பது தேர்வாய் கண்டிகையில் அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் சம்பாதிக்கக்கூடிய பெயர்களில் இது ஒன்றும் பெரிய பெயர் இல்லை. ஆனால் ஒரே ஒரு தடவைதான் அதைப் பயன்படுத்தலாம். அந்த ஒரு தடவையை அவர் தன் மாமியார் மேல் பயன்படுத்தினார்.

கார் கதவுக்கு ரப்பர் பட்டை வார்க்கிற கம்பெனி அது. சூடேறிய பிரஸ் மெஷினை இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது. ஒருவர் வரவில்லையென்றால், முந்தின ஷிப்டில் நின்றவர் அப்படியே அடுத்த ஷிப்டுக்கும் நிற்க வேண்டும். ஆக அங்கே லீவு கேட்பது என்றால் இன்னொருவரின் தூக்கத்தைக் கேட்பது. அதிலும் ஆர்டர் நெருக்கும் தை மாதத்தில், காய்ச்சல் என்றால் மாத்திரையைக் கொடுத்து மெஷினுக்கு அனுப்புவார்கள். மறுக்க முடியாத லீவு ஒன்றே ஒன்றுதான், சாவு.

மாமியார் ஆரோக்கியமேரிக்குச் சொந்த ஊர் திருப்பாச்சூர். நாற்று நட்டு நட்டு முழங்கால் தேய்ந்துபோய், இப்போது கவரைப்பேட்டையில் மகள் வீட்டோடு இருக்கிறார். தேய்ந்தது முழங்கால்தான், வாய் இல்லை. ஒருநாள் பேத்தி ஸ்நேகாவின் போனில் ஒரு வீடியோ பார்த்தார். ஊத்துக்கோட்டை தாண்டி, ஆந்திர எல்லையோரம், இரண்டு மலைக்கு நடுவே வனத்துறை வைத்திருக்கும் ஒரு சின்னப் பூங்கா. மரம், ஓடை, மரப்பாலம்.

"சாவறதுக்குள்ள ஒரு தபா அந்தக் காட்ட பாத்துடணும் மாப்ள," என்றார்.

கேட்டது அவ்வளவுதான். வாழ்நாளில் மருமகனிடம் அவர் வாய்விட்டுக் கேட்டதும் அது ஒன்றுதான். மைத்துனன் தன் காரைத் தருகிறேன் என்று சொன்னது அந்த ஒரு சனிக்கிழமைக்குத்தான். ஸ்நேகாவுக்கும் அன்றைக்குப் பள்ளி லீவு. கேட்டுப் பார்த்த லீவு கிடைக்கவில்லை. எனவே, சாவதற்குள் காட்ட வேண்டும் என்பதற்காக, தாவீது அவரைச் சாகடித்தார்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் துக்கச் செய்தியை நேரில் போய்ச் சொல்வதுதான் முறை என்று பொய்க்கும் ஒரு ஒழுங்கு பார்த்து, விடிந்ததும் விடியாததுமாகக் கம்பெனிக்குப் போனார். சூப்பர்வைசர் மணிகண்டன் வயதில் சின்னவர்.

"பெரியம்மா தவறிட்டாங்க சார், ராத்திரி."

"பெரியம்மாவுக்குலாம் லீவு கெடையாதுண்ணா. அப்பா, அம்மா, மாமனார், மாமியார், பொண்டாட்டி. ரூல் அப்டி."

தாவீது ஒரு நிமிடம் தரையைப் பார்த்தார். "மாமியார்தான் சார். எனக்கு தூரத்துல பெரியம்மா மொற வேணும்."

இப்படித்தான் இல்லாத ஒரு பெரியம்மா இருக்கிற மாமியாராகப் பதவி உயர்ந்தார்.

நைட் ஷிப்ட் முடிந்து கிளம்பத் தயாராக இருந்த பரசுராமன் இதைக் கேட்டார். தாவீதோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர். ஆரோக்கியமேரியின் மீன் குழம்பை இரண்டு மூன்று தடவை வழித்துச் சாப்பிட்டவர். கையுறையைக் கழற்றிவிட்டு வந்து தாவீதின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல மனுஷிபா. நீ கெளம்பு, மெஷின நான் பாத்துக்கிறேன்."

"உங்க வயலுக்கு இன்னிக்கு அறுப்பு மெஷின் வருதுன்னியே?"

"வந்தா வரட்டும். ஊட்ல பாத்துப்பாங்க. சாவ வெச்சிகினு அறுப்பப் பத்திக் கேக்குற பாரு. போ."

பரசுராமனின் கண் சிவந்திருந்தது. தூக்கமில்லாததாலா, துக்கத்தாலா என்று தாவீது பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் காரில் ஊத்துக்கோட்டை வரைக்கும் அவரோடு கூடவே வந்தது. பின்சீட்டில் இறந்துபோனவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

பூங்கா வாசலில் வனக்காவலர் பைகளைப் பிரித்துப் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று தேடினார். "உள்ள டவர் எடுக்காது," என்று எச்சரித்தார். அந்த ஊரிலேயே அந்தச் செய்தியால் ஆறுதல் அடைந்தவர் தாவீது ஒருவராகத்தான் இருக்கும்.

பள்ளத்தாக்கு சின்னதுதான். கொம்பு உடைந்த சிமெண்ட் மான் ஒன்று, இரண்டு ஊஞ்சல், மரத்துக்கு மரம் தகரத்தில் பெயர்ப் பலகை. ஆனால் இரண்டு பக்கமும் மலை அடர்ந்து இறங்கி வந்து, நடுவில் கற்களுக்கு இடையே ஓடை சத்தமில்லாமல் போனது. ஆரோக்கியமேரி ஒரு மரத்தடியில் நின்று ஸ்நேகாவைப் படிக்கச் சொன்னார்.

"வெப்பாலைன்னு போட்டுக்குது ஆயா."

"இத நான் எத்தினியோ தபா சுள்ளியா ஒடச்சி அடுப்புல வெச்சிக்கிறேன்டி. பேர் எழுதி வெச்சி டிக்கெட்டு வாங்குறானுங்களே, கெட்டிக்காரனுங்க."

சொல்லிவிட்டு மரத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தார். அப்புறம் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஓடையில் இறங்கினார்.

ஒரு ஆளை வாயால் கொன்றுவிட்டு அதே ஆளை வழுக்குப் பாறைக்கு அழைத்து வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் தாவீதுக்கு உறைத்தது. கடவுள் பொய்யைத் தண்டிப்பார் என்று அவருக்குத் தெரியும். அவர் பயந்தது, கடவுள் தண்டிக்காமல் அந்தப் பொய்யை நிஜமாக்கிக் கொடுத்துவிடுவாரோ என்று.

"அத்த, பாத்து! பாசி கீது!"

"இன்னா மாப்ள, காலீல இருந்து நெழலாட்டம் ஒட்டிக்கினே வர?"

மரப்பாலத்தில் மாமியாருக்கு முன்னால் தாவீது நடந்தார். குரங்கு வந்தபோது நடுவில் போய் நின்றார். புளிச்சோறு புரையேறி ஆரோக்கியமேரி இரும, தாவீது பாய்ந்து தலையில் தட்டிய தட்டில் கொண்டை அவிழ்ந்தது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தாவீதின் மனைவி ஷைனிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கம்மா மேல இவ்ளோ பாசம் வெச்சிருக்கீங்கன்னு எனக்கே தெரியாதுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

ஸ்நேகா ஆயாவை ஊஞ்சலில் உட்கார வைத்து போட்டோ எடுத்தாள். ஸ்டேட்டஸில் போடப் போகிறேன் என்றாள்.

"வேணாம்!" தாவீதின் குரல் மலையில் மோதித் திரும்பியது. "கண்ணு பட்டுடும்."

கண் படுவதை மூடநம்பிக்கை என்று சர்ச்சின் அன்பியக் கூட்டத்தில் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்கிறவர் அவர்தான். ஸ்நேகா அப்பாவை ஒரு மாதிரி பார்த்தாள், போனை உள்ளே வைத்தாள். ஆரோக்கியமேரி மட்டும் ஊஞ்சலை விட்டு இறங்கவில்லை. "தள்ளுடி, இன்னும் கொஞ்சம் தள்ளு," என்று சிரித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் எல்லாம். அதைத்தான் தாவீதால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வெயில் சாயத் திரும்பி, கார் பள்ளத்தாக்கை விட்டு மேலே ஏறியதும் போன் உயிர்பெற்றது. பத்துப் பதினைந்து அழைப்புகள். கம்பெனியில் கூட வேலை பார்க்கும் லைன் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம். ஆள் உயர ரோஜா மாலை. அதற்கு இரண்டு பக்கமும் பரசுராமனும் மற்றவர்களும் யூனிபார்மோடு நின்றார்கள்.

தாவீது வண்டியை ஓரம் கட்டினார். பெரியம்மா என்றால் கைகொடுத்து அனுப்பிவிடுவார்கள். மாமியார் என்றால் ஷிப்ட் முடிந்த கையோடு மொத்த லைனும் மாலையோடு வீட்டுக்கு வந்து நிற்கும். அதுதான் அங்கே வழக்கம். அவரே அப்படி எத்தனையோ வீட்டுக்கு மாலை தூக்கிப் போயிருக்கிறார். பொய்யை மாமியாராக மாற்றிய அந்த ஒரு நிமிடத்தில் இது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

டயரைப் பார்ப்பதுபோல் இறங்கிப் போய், பரசுராமன் அனுப்பிய குரல் பதிவைக் காதில் வைத்தார்.

"தாவீது, ஊட்டாண்ட வந்துட்டோம்பா. பூட்டிக்கீது. திருப்பாச்சூருக்கு எடுத்துனு போய்ட்டீங்களா? சொல்லு, வேன் கீது, அங்கியே வந்துர்றோம்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'அடக்கம் ஆயிடுச்சி, வர வேணாம்' என்று தட்டி அனுப்பினார். காலையில் வாயால் கொன்றவரை சாயங்காலம் கட்டைவிரலால் புதைத்தார். காருக்குள்ளிருந்து அவர் கூப்பிட்டார்: "மாப்ள, டயரு பஞ்சரா?"

வீட்டை அடைந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. லைன் ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் பூட்டிய கதவில் சாய்ந்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். துக்க வீட்டுக்காரரின் கையைத் தொடாமல் போகக் கூடாது என்று காத்திருந்த பரசுராமன். பக்கத்தில் அவருடைய வண்டியின் ஹேண்டில்பாரில் மாலை தொங்கியது.

தாவீது காரை விட்டு இறங்குவதற்குள் ஆரோக்கியமேரி இறங்கிவிட்டார்.

"யாரு, பரசுராமனா? இன்னா நைனா, இங்க குந்திகினு தூங்குற? மாலை யாருக்கு?"

பரசுராமன் கண்ணைத் திறந்தார். முகத்துக்கு நேரே ஆரோக்கியமேரி. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தார். அப்புறம் அவருக்குப் பின்னால் நின்ற தாவீதைப் பார்த்தார். ஸ்நேகா கையிலிருந்த சாப்பாட்டுக் கூடையைப் பார்த்தார். எழுந்து பேண்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பக்கத்துத் தெருவுல ஒரு சாவுமா. அதுக்கு வந்தேன். அவங்க எடுத்துட்டாங்க."

"ஐயோ பாவம். யாரு?"

"தெரிஞ்சவர் ஒருத்தரோட மாமியாரு."

"வயசானவங்களா?"

"உங்க வயசுதான் இருக்கும்."

ஆரோக்கியமேரி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். "ஆண்டவர் அந்த ஆத்மாவுக்கு இளைப்பாற்றி குடுக்கட்டும்," என்று தன் ஆத்மாவுக்காக வேண்டிக்கொண்டு, "இரு நைனா, டீ போடச் சொல்றேன்," என்று உள்ளே போனார். ஷைனியும் ஸ்நேகாவும் கூடவே போனார்கள்.

பரசுராமன் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். தாவீது ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"பரசு..."

"அம்மா நல்லா சுத்திப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"ம். அறுப்பு மெஷின் வந்துட்டு, ஆள் இல்லன்னு அடுத்த ஊருக்குப் போய்டுச்சாம். ஊட்ல அவளுக்கு அந்த டிரைவர்கிட்ட சண்ட போடத் தெரில. நெல்லு அப்டியே நிக்குது."

"நான் வரேன். ஆளக் கூட்டிகினு வரேன், கையாலயே அறுத்துடலாம்."

பரசுராமன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சாவு ஊட்டுக்காரன் அறுப்புக்கு வரக் கூடாதுபா." சிரிக்கவில்லை. "அந்தம்மா மூஞ்சிக்காக ஒரு பொய் சொன்னேன். லைன்ல பொய் சொல்ல மாட்டேன். உண்மையும் நான் சொல்ல மாட்டேன். அது உன் வேல."

வண்டி போய்விட்டது.

உள்ளேயிருந்து ஆரோக்கியமேரி வெளியே வந்தார். "போய்ட்டானா? டீ கூடக் குடிக்காம? தெரிஞ்சவர் ஊட்டு சாவுன்றானே, நீயும் ஒரு எட்டு போய் தல காட்டிட்டு வந்துடு மாப்ள. தப்பா நெனப்பாங்க."

திங்கட்கிழமை மணிகண்டனிடம் சொல்ல வேண்டும். மாலையோடு படம் எடுத்துக்கொண்ட ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். எங்கே தொடங்குவது என்று தாவீதுக்குத் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. முதலில் சொல்ல வேண்டியது செத்துப்போனவரிடம்தான்.

"அத்த," என்றார், "இப்டி கொஞ்சம் உக்காருங்க."