சகினாவின் கைராசி

சகினா என்ற பெயரைத் தாயம்மா முதன்முதலாகக் கேட்டது ஒரு திங்கட்கிழமை காலையில், சீதா மாமியின் வாயிலிருந்து. கொழுந்தன் மகள் வளைகாப்புக்காக அரக்கோணம் போய் நாலு நாள் தங்கிவிட்டு, அன்றுதான் தாயம்மா வேலைக்குத் திரும்பியிருந்தாள். மந்தைவெளியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், டாக்டர் சுரேஷ்குமாரின் கிளினிக். லிஃப்ட் கிடையாது. மாமி படியேறி மூச்சு வாங்க வந்து நின்றாள். தாயம்மா இழுத்துப் போட்ட நாற்காலியைப் பார்த்தாள். உட்காரவில்லை.

"சகினா வரலையா இன்னிக்கு?"

"அது யாரு மாமி?"

"புதுசா வந்திருக்காளே, அவதான். வரட்டும், நான் வெயிட் பண்றேன். அவ கையால பாத்தா நேக்கு பிரஷர் கொறைச்சலாத்தான் காட்றது."

ஆளை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அதற்குள் தாயம்மாவின் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

எரியாமல் என்ன செய்யும்? பதினெட்டு வருஷம் அந்த கிளினிக்கில் இருந்தவள் அவள். அடையாற்றுக் கரையில் குடிசை இருந்த காலத்தில் பெருக்கித் துடைக்க வந்தாள். குடிசையை இடித்து பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தபோது, கூட வேலை பார்த்த நாலு பேர் நின்றுவிட்டார்கள். இவள் நிற்கவில்லை. இரண்டு பஸ் மாறி வந்தாள். பொத்தானை அமுக்கினால் தானே உப்பி தானே எண் காட்டும் பிரஷர் மிஷின் வந்தபோது, டாக்டர் அவளைக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். அன்றிலிருந்து அது தாயம்மா நாற்காலி. அவளுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது, எண் வரும். எண்ணைச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்புவாள்.

அவள் வேலை செய்கிற விதமே தனி. படியேறி வந்தவரைக் காக்க வைக்க மாட்டாள். வந்ததும் உட்கார வைத்து, சட்டையோ ரவிக்கையோ அதன் மேலேயே பட்டையைச் சுற்றி, பொத்தானை அமுக்கிவிட்டுப் பேச்சை ஆரம்பிப்பாள். மருமகள் முழுகாமல் இருக்கிறாளாமே, எத்தனாவது மாசம். பெரியவனுக்கு ஹைதராபாத்தில் வேலையாமே, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா. யார் வீட்டு மாப்பிள்ளை யாருக்கு ஒன்றுவிட்ட அத்தை மகன் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி. பட்டை உப்பி இறங்கும்வரை பேச்சு ஓயாது. வந்தவர்கள் பாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். நவராத்திரிக்குச் சுண்டலும் பொங்கலுக்கு ரவிக்கைத் துணியும் அவளுக்கு வரும். தாயம்மா கை ராசியான கை என்று பேர்.

அந்தப் பேரைத்தான் நாலே நாளில் ஒருத்தி தட்டிக்கொண்டு போயிருந்தாள்.

சகினா ஒன்பதரைக்கு வந்தாள். நாற்பது வயசிருக்கும். ஒல்லியான உடம்பு, தலையில் சாம்பல் நிறத் துணி, தோளில் ஒரு பை. அழகியாக இருந்தாலாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும், அதுவும் இல்லை. திருவல்லிக்கேணிக்காரி. அப்பா ஷஃபியுல்லா, பெரிய தெரு பக்கம் சட்டை தைத்தவர். மூன்று பெண்களில் இவள் நடுவில் பிறந்தவள். மூத்தவளை ஆம்பூரில் கட்டிக் கொடுத்தார்கள், இளையவள் ஆயிரம்விளக்கில் இருக்கிறாள். இவள் நர்ஸ் உதவியாளர் படிப்பு படித்து, பதினைந்து வருஷம் ஒரு நர்ஸிங் ஹோமில் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்த்தாள். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்கிற இடம். அங்கே அரை மணிக்கொரு தடவை பிரஷர் பார்க்க வேண்டும். பார்த்த எண் தப்பானால் ஆளே போய்விடலாம். அந்த நர்ஸிங் ஹோமை மூடிவிட்டதால் இங்கே வந்தாள். இதெல்லாம் அவள் சொல்லித் தெரிந்ததல்ல. அவள் வாயைத் திறந்தால்தானே. தாயம்மா ஒவ்வொருவரிடமாகக் கேட்டு, ஒட்டுப்போட்டுத் தெரிந்துகொண்டது.

சகினாவுக்கு ஜன்னல் ஓரத்தில் இன்னொரு மிஷினும் மேஜையும் போட்டிருந்தார் டாக்டர். அவள் பார்க்கிற விதம் தாயம்மாவுக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. யார் வந்தாலும் முதலில் ஒன்றுக்குப் போகணுமா என்று கேட்பாள். வயசான ஆண்களிடம் கூடக் கூசாமல் கேட்பாள். இப்போதுதான் காபி குடித்தேன் என்றாலோ பீடி வாடை வந்தாலோ, அரை மணி கழித்து வாங்க என்பாள். பிறகு முதுகு சாய உட்கார வைப்பாள். கால் மேல் கால் கூடாது, இரண்டு பாதமும் தரையில் இருக்க வேண்டும். அப்படியே அஞ்சு நிமிஷம். பேசக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. கோயிலில் கூட ஜனம் அப்படி உட்கார்ந்ததில்லை. அஞ்சு நிமிஷம் ஆனதும் கையைத் துணியில்லாமல் வெளியே எடுக்கச் சொல்லி, மேஜைமேல் ஒரு தலையணை வைத்து, நெஞ்சு மட்டத்துக்குக் கை வரும்படி அதில் கிடத்துவாள்.

அதற்கப்புறம் செய்வதுதான் வேடிக்கை. பையிலிருந்து அப்பாவின் பழைய இஞ்ச் டேப்பை எடுத்து மேல்கையைச் சுற்றி அளப்பாள். "இன்னா சிஸ்டர், ஜாக்கெட் தைக்கிறியா?" என்று பூக்காரி ஜோதிலட்சுமி கேட்டதற்கு அந்த வரிசையே சிரித்தது. சகினாவும் சிரித்தாள். அளவு பார்த்துவிட்டு, பருத்த கையாக இருந்தால் மேஜை இழுப்பறையிலிருந்து பெரிய பட்டையை எடுப்பாள். மிஷினோடு வந்து, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் வருஷக்கணக்காகக் கிடந்த பட்டை அது. முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே கட்டி, ஒரு தடவை பார்த்து, ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவையும் பார்த்து எழுதுவாள்.

அவள் ஒருவருக்குப் பார்க்கிற நேரத்தில் தாயம்மா நாலு பேருக்குப் பார்ப்பாள். ஆனாலும் ஜன்னல் பக்கம்தான் வரிசை நீண்டது. தாயம்மாவிடம் 160 வந்தவருக்கு அங்கே 138 வந்தது. ஜனங்களுக்கு வேறென்ன தெரியும்? சகினா கை குளிர்ச்சியான கை, ராசிக்காரி என்று பேசிக்கொண்டார்கள். நவராத்திரிக்கு மாமி கொண்டு வந்த கடலைச் சுண்டலில் பெரிய பொட்டலம் ஜன்னலுக்குப் போனது. தாயம்மாவுக்கும் கிடைத்தது, சின்னது. அன்று பஸ்ஸில் அதைப் பிரிக்கவே அவளுக்கு மனம் வரவில்லை.

மிஷினில்தான் சூட்சுமம் என்று முதலில் நினைத்தாள். ஒருநாள் சீக்கிரம் வந்து இரண்டு மிஷினையும் மாற்றி வைத்தாள். அன்றும் இவளிடம் ஏறிய எண்தான், அவளிடம் இறங்கிய எண்தான். ஒரு வாரம் யோசித்துக் கடைசியில் அந்தப் பெரிய பட்டைதான் காரணம் என்று முடிவு கட்டினாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சகினா கை கழுவப் போன நேரம், பட்டையைச் சுருட்டித் தன் கூடையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் போட்டுக்கொண்டாள். திருட்டு என்று அவளுக்குத் தோன்றவில்லை. என் இடத்தை எடுத்தாள், நான் ஒரு பட்டையை எடுத்தேன் என்று இருந்தது.

சகினா தேடினாள். யாரையும் கேட்டுக் கத்தவில்லை. டாக்டரிடம் சொன்னாள், அவர் வேறு வாங்கச் சொல்லியிருக்கிறேன் என்றார். பருத்த கைக்காரர்கள் வந்தால், பட்டை சிறிது என்று சீட்டின் ஓரத்தில் எழுதி அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை தாயம்மாவின் தம்பி நாகராஜ் வந்தான். மந்தைவெளியிலேயே ஒரு சிமென்ட் கடையில் மூட்டை தூக்குகிறவன். கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி இருக்கும். ஒரு வருஷமாகவே அவனுக்குப் பிரஷர். அக்காதான் பார்ப்பாள், 160-க்குக் குறைந்து வந்ததே இல்லை. முதலில் ஒரு மாத்திரை, அப்புறம் இரண்டு. இரண்டாவது மாத்திரை தொடங்கியதிலிருந்து குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். முந்தின நாள் லாரிப் பலகையில் மூட்டையோடு நின்றவன் அப்படியே கீழே சாய்ந்துவிட்டான். நல்ல வேளை, மணல் குவியலில் விழுந்தான். நெற்றியில் மட்டும் தோல் வழன்றிருந்தது.

தாயம்மா அவனை ஜன்னல் பக்கம் விடவில்லை. தன் நாற்காலியிலேயே உட்கார வைத்து, சட்டைக் கைக்கு மேலேயே சின்னப் பட்டையை இறுக்கிக் கட்டினாள். பட்டை ஒட்டாமல் நழுவியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, ஒழுங்காக மாத்திரை போட்டால் இப்படி விழுவாயா, உன் பெண்டாட்டி எங்கே போனாள் என்று திட்டித் தீர்த்தாள். அவனும் விடாமல் பதில் சொன்னான். மிஷின் 164 காட்டியது.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். பிரஷர் ஏறித்தான் விழுந்திருக்கிறான், மூன்றாவதாக ஒன்று சேர்த்துப் பார்க்கலாம் என்று பேனாவை எடுத்தார்.

ஜன்னல் ஓரத்திலிருந்து சகினா எழுந்து வந்து கதவருகே நின்றாள்.

"சார், அவர் கை பதினாலு இஞ்சுக்குக் குறையாது. நம்ம பட்டை பத்தாது, கூட காட்டும். மாத்திரை அதிகமாகித்தான் தலை சுத்துதோ என்னமோ. பெரிய பட்டை மட்டும் இருந்தா ஒரு தடவை சரியா பாத்துடலாம்."

"அது கிடைக்கலைன்னு சொன்னீங்களே. புதுசு வர ஒரு வாரம் ஆகும்" என்றார் டாக்டர். பேனா சீட்டின்மேல் நின்றது.

தாயம்மா தம்பியின் நெற்றியைப் பார்த்தாள். மூன்றாவது மாத்திரையும் போட்டுக்கொண்டு அவன் நாளைக் காலையில் பலகை ஏறுவான். எல்லா நாளும் கீழே மணல் இருக்காது. கூடையிலிருந்து எடுத்தால் திருடி என்று தெரிந்துவிடும். பதினெட்டு வருஷப் பேர் ஒரு நிமிஷத்தில் போய்விடும். அதுவும் யார் முன்னால்? இவள் முன்னால். கூடையை இழுத்து முன்னால் வைத்தாள்.

"என் கூடையில கீது" என்றாள்.

சாப்பாட்டு டப்பாவை எடுத்து வெளியே வைத்து, பட்டையை உருவிக் கொடுத்தாள். ரசம் கசிந்து ஓரத்தில் கறை பட்டிருந்தது. சகினா அதை ஈரத்துணியால் துடைத்தாள்.

நாகராஜை அஞ்சு நிமிஷம் பேசாமல் உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இரண்டு தடவை வாயைத் திறந்தான், இரண்டு தடவையும் சகினா முதலிலிருந்து ஆரம்பித்தாள். சட்டையைக் கழற்ற வைத்து, தலையணையில் கையைக் கிடத்திப் பார்த்ததில் 126 வந்தது. மறுபடி பார்த்ததில் 124. எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிஷம் கழித்துப் பார்த்தாள், 100 வந்தது. டாக்டர் மூன்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டாவது மாத்திரையை நிறுத்தச் சொன்னார். ஒரு வாரம் மூட்டை தூக்காமல் இருந்து மறுபடி வரச் சொன்னார்.

நாகராஜ் சட்டையை மாட்டிக்கொண்டே அக்காவைப் பார்த்துச் சொன்னான்: "யக்கா, இத்தினி நாளு உன்னாண்டயே காட்டிக்கினு இருந்தேன் பாரு. இந்த சிஸ்டருதான் கைராசி."

கூடப் பிறந்தவன், அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன், அவன் வாயிலிருந்தும் அதே சொல்.

"கைராசில்லாம் இல்லண்ணே" என்றாள் சகினா. "அக்கா பட்டையை எடுத்துக் குடுக்கலைன்னா நான் மட்டும் என்ன பண்ணியிருப்பேன்?"

திட்டியிருந்தால் தாயம்மா பதிலுக்குத் திட்டியிருப்பாள், கணக்குச் சரியாகியிருக்கும். இவள் நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாளே என்று அவளுக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது.

டாக்டர் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. இரண்டு மாதம் பிரஷர் நாற்காலியில் உட்கார வேண்டாம் என்றார். அந்த இரண்டு மாதமும் பெஞ்சில் இருக்கிறவர்களை அஞ்சு நிமிஷம் பேசாமல் உட்கார வைப்பதுதான் அவள் வேலை. பேசியே பேர் வாங்கியவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது? பெஞ்சில் இருந்தபடியே சகினா செய்வதை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கேட்டுத் தெரிந்துகொள்ள ரோஷம் விடவில்லை. பார்த்தே கற்றாள். இப்போது நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள், அவளும் துணியை விலக்கித்தான் கட்டுகிறாள். பட்டை இறங்கும்வரை வாய் திறப்பதில்லை. எண் எழுதிய பிறகுதான் மருமகளைப் பற்றி விசாரிக்கிறாள். அவளிடமும் எண் இறங்கித்தான் வருகிறது. அதைப் பார்த்த சீதா மாமி, "பரவால்லையே, சகினா மாதிரியே பாக்கறயே" என்றாள். தாயம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

சகினா இப்போது அந்த கிளினிக்கில் இல்லை. போன சித்திரையிலிருந்து பெருங்குடியில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் தன் பழைய வேலையையே பார்க்கிறாள். குடியிருப்பது திருவல்லிக்கேணியில்தான்.