நாலு பச்சை விளக்கு

கதை கட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இது பட்டப்பகலில், என் பக்கத்து வீட்டில் நடந்தது. அந்த அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

எங்கள் கரண்ட் ஆபீஸில் ஒரு நல்ல வழக்கம். வேலைக்காக லைனை நிறுத்துவதாக இருந்தால், மூச்சு மெஷின் ஓடும் வீடுகளுக்கு முந்தின நாளே போன் செய்வார்கள். மறுநாள் காலையில் பேட்டரிப் பெட்டி வந்துவிடும். அக்காவின் மகனுக்கும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. ஏழு வயது. படுக்கையில் கிடந்தும் சேட்டை அடங்காது. அதனால் அவன் பெயரே வாலு.

வாலு போய் மூன்று மாதம். மெஷினைப் பின் தெருச் சிறுமிக்குக் கொடுத்துவிட்டாள். ஆபீஸுக்கு மட்டும் சொல்லவில்லை. "பையன் எப்படிம்மா இருக்கான்?" என்று போனில் கேட்பார்களே... இப்போது அதைக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? அதையும் இழக்க அவளுக்கு மனம் வரவில்லை, பாவம்.

அன்றும் பேட்டரிக்காரர் வந்தார்.

"வாலு எங்கக்கா?"

"தூங்குறான். வாசல்லயே வச்சிட்டுப் போங்க தம்பி."

அவர் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார். அக்கா பழக்கதோஷத்தில் பெட்டியைக் கட்டிலருகே கொண்டுபோய் வைத்தாள். கதவைச் சாத்தினாள். சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

பத்து மணி. கரண்ட் போனது. வீடே அடங்கியது.

அப்போது அந்த அறையில்...

ஸ்ஸ்ஸ்... டக்.

ஸ்ஸ்ஸ்... டக்.

மெஷின் சத்தம்!

கதவைத் திறந்தாள். கட்டில் காலி. பெட்டியின் ஒயர் எதிலும் மாட்டாமல் தரையில் கிடந்தது. பெட்டியில் நாலு பச்சை விளக்கு. அவள் பார்க்கப் பார்க்க ஒன்று அணைந்தது.

தொட்டாள். பெட்டி சுட்டது.

"வாலு?"

ஸ்ஸ்ஸ்... டக்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாவது விளக்கு.

மூன்றாவது...

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. சத்தம் நின்றது. கடைசி விளக்கும் அணைந்தது.

சாயங்காலம் பேட்டரிக்காரர் பெட்டியைப் பார்த்தார். "சுத்தமா தீர்ந்துடுச்சே. நல்லா ஓடியிருக்கு போல."

அக்கா உடைந்துபோனாள். "என் புள்ள செத்துட்டான் தம்பி. மெஷின் பின் தெருவுல இருக்கு."

அவர் முகம் வெளுத்தது. "ஐயையோ... இன்னிக்கு ஒரு பெட்டி குறைஞ்சதுக்கா. பின் தெருவுல புதுசா பதிஞ்ச வீட்டுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்னு, இதை உங்களுக்குக் கொண்டு வந்துட்டேன். அப்புறம் அங்க யாருமே போகல!"

இருவரும் ஓடினார்கள்.

சிறுமி படம் வரைந்துகொண்டிருந்தாள். நாலு மணி நேரமும் மெஷின் நிற்கவே இல்லையாம். கரண்ட் இல்லை, பேட்டரி இல்லை. எப்படி ஓடியது என்று அவள் அப்பாவுக்கே புரியவில்லை.

"ஒரு அண்ணா பிளக்கைப் பிடிச்சிட்டே உக்காந்திருந்தான்," என்றாள் சிறுமி. "நாக்கை நீட்டி அழகு காட்டினான்."

மறுநாள் அக்கா ஆபீஸுக்குப் போன் செய்தாள். மகன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள்.

"நேத்து ரெண்டு மணிக்கே உங்க பையன் போன் பண்ணிட்டானேம்மா," என்றார் ஆபீஸில் போனை எடுத்தவர். "எனக்கு இனிமே வேண்டாம், பின் தெருப் பாப்பாவுக்குக் கொடுங்கன்னான். எப்படிடா இருக்கேன்னு கேட்டேன். இப்ப நல்லா மூச்சு வருதுன்னான்."