காலை பதினொரு மணி ஆட்டக்காரர்

எனக்குச் சந்தேகப் புத்தி. வீட்டில் இதைக் குறையாகச் சொல்வார்கள். கம்பெனியில் இதற்குத்தான் எனக்குச் சம்பளம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வெளியிலிருந்து வந்து இறங்கும் வார்ப்பு உதிரிபாகங்களைச் சோதித்து, தேறியதை உள்ளே விட்டு, தேறாததைத் திருப்பி அனுப்புவது என் வேலை. மேலே வழவழவென்று இருக்கும், உள்ளே பொத்தலாக இருக்கும். கொண்டு வருகிறவர் ரொம்பச் சிரித்தால் அந்தப் பெட்டியை நான் இரண்டு தடவை பார்ப்பேன்.

எனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கும் இந்தப் புத்திக்குத் தோதானதுதான். பாலிடெக்னிக் படித்த நாளிலிருந்து போனில் ஒரு விளையாட்டு ஆடுகிறேன். விதவிதமான பூதங்களைப் பிடித்து வளர்க்க வேண்டும். அதில் ஆறைப் பொறுக்கி ஓர் அணியாக்கி, முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய ஆறோடு மோதவிட வேண்டும். ஒவ்வொரு பூதத்தின் கையிலும் ஒரே ஒரு பொருள் கொடுத்து அனுப்பலாம். எதிராளிக்கு நம் பூதம் தெரியும், அது வைத்திருக்கும் பொருள் தெரியாது. ஆட்டத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

பொருள்களுக்கெல்லாம் ஆங்கிலப் பெயர். நான் எனக்குள் தமிழில் கூப்பிட்டுக்கொள்வேன். துண்டு என்று ஒன்று. கழுத்தில் போட்டால் பூதத்துக்கு வேகம் கூடும், ஆனால் முதலில் எதைச் செய்ததோ அதையேதான் திரும்பத் திரும்பச் செய்ய முடியும். மிச்சச் சோறு என்று ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உயிர் ஏறும். உருண்டையைக் கொடுத்தால் அடி பலமாக விழும், அடிக்கிறவன் உயிரும் சேர்ந்து கரையும். ஒரே அணியில் ஒரு பொருளை இரண்டு பேருக்குக் கொடுக்க முடியாது. அதனால் அணி கட்டுகிற ஒவ்வொரு முறையும் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். எதிராளி எந்த இடத்தில் நம்மைக் கவிழ்ப்பான் என்று சந்தேகப்படுகிறோமோ, அதற்கு ஏற்ற பொருளை அந்த இடத்துப் பூதத்திடம் கொடுப்போம். ஒருவர் கொடுத்து அனுப்பும் பொருளைப் பார்த்தால் அவர் பயம் என்ன, பேராசை என்ன என்று எனக்குத் தெரிந்துவிடும்.

என்னிடம் ஒரு சோதனைக்காரப் பூதம் உண்டு. களத்தில் இறங்கியதும் எதிராளி என்ன வைத்திருக்கிறார் என்று அறிவித்துவிடும். எங்கள் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி அக்கா டிபன் பையைத் திறந்து காட்டச் சொல்கிற மாதிரிதான். எந்த அணி கட்டினாலும் அதற்கு ஓர் இடம் வைத்துவிடுவேன்.

இப்படி இருந்த எனக்குத்தான் தரகர் ஒரு வரன் கொண்டு வந்தார். மாப்பிள்ளைக்குத் திருநின்றவூர். காக்களூர் எஸ்டேட்டில் நிரந்தர வேலை. அம்மா, அப்பா, ஒரே பிள்ளை. "பிக்கல் பிடுங்கல் இல்லாத ஊடும்மா, பொண்ணு ராணி மாரி இருக்கும்" என்று தரகர் சிரித்தார். ரொம்பவே சிரித்தார். கவரப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டும் போனார்கள். ஆள் பார்க்க லட்சணமாக இருந்தார், அதிகம் பேசவில்லை. போன் நம்பர் வாங்கிக்கொண்டோம்.

இரண்டாம் நாளே அவரும் அதே விளையாட்டை ஆடுகிறவர் என்று தெரிந்தது. என் அம்மாவுக்கு இது தெய்வச் செயல். எனக்கு இது நல்ல வசதி. இனி எங்கள் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும், பிடித்திருந்தால் அங்கேயே கை நனைத்து, தாம்பூலம் மாற்ற நாள் குறித்துவிடுவார்கள். அதற்குள் இந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஊரில் நான்கு பேரிடம் விசாரித்தால் நான்கு பேரும் நல்லவர் என்பார்கள். நான் அவர் பூதங்களின் கையைப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

வேலை முடிந்து வந்து சாயங்காலம் ஆடுவார். உருண்டையை எடுத்துப் பெரிய பாறைப் பூதத்திடம் கொடுப்பார், துண்டை எடுத்துப் பறக்கிறதிடம் கொடுப்பார். அடி, அடி, அதற்கு மேலே அடி. துண்டு போட்ட பூதம் ஒரே அடியில் மாட்டிக்கொண்டு நிற்கும், அதை உள்ளே கூப்பிட வேண்டும் என்றுகூடத் தோன்றாது. அநேகமாகத் தோற்பார். தோற்றதும் மெசேஜில் சிரிக்கிற பொம்மை ஒன்று அனுப்புவார். பொருள்களுக்கு நான் வைத்த தமிழ்ப் பெயர்களை அவரும் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் முரடு, ஆனால் கள்ளம் கபடம் இல்லை என்று நினைத்தேன். எனக்கே கொஞ்சம் பிடித்துவிட்டது என்றும் சொல்லலாம்.

அடுத்த வாரம் எனக்கு இரண்டாம் ஷிப்ட் வந்தது. மத்தியானம் கம்பெனி பஸ் வருகிற வரை வீட்டில்தான் இருப்பேன். காலை பதினொரு மணிக்குப் போனைத் திறந்தால் அவர் கணக்கு ஆட்டத்தில் இருந்தது. ஆடலாமா என்று கேட்டேன். உடனே களத்துக்கு வந்தது.

அதே ஆறு பூதங்கள். ஆனால் கையில் இருந்ததெல்லாம் மாறியிருந்தது. பாறைப் பூதம் மிச்சச் சோறு வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. துண்டு யாரிடம் என்று தேடினேன். அணியிலேயே மந்தமான ஓர் ஆமையிடம் இருந்தது. ஆமைக்கு எதற்குத் துண்டு என்று நான் சிரித்து முடிப்பதற்குள், பொருளை மாற்றிக்கொள்ளும் ஒரு வித்தையைச் செய்து, அந்தத் துண்டை என் வைத்தியக்காரப் பூதத்தின் கழுத்தில் மாட்டிவிட்டு, அது வைத்திருந்த பழத்தைப் பிடுங்கிக்கொண்டது. என் வைத்தியக்காரி அதிவேகமாகத் தன்னையே குணப்படுத்திக்கொண்டு நின்றாள். வேறு எதுவும் அவளால் செய்ய முடியவில்லை. ஆட்டம் முடிந்தபோது என் பக்கம் ஒருவரும் மிச்சமில்லை. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"இன்னாடி, மாப்ளையாண்ட பேசினு கீறியா?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கம்பெனியில் போனைக் கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று அவரே சொல்லியிருந்தார். சாப்பாட்டு நேரத்தில்கூடக் கிடைக்காது என்று அங்கலாய்த்திருந்தார். அப்படியென்றால் பதினொரு மணிக்கு என்னைச் சுருட்டிப் போட்டது யார்?

சாயங்காலம் டீ இடைவேளையில் அவருக்கு எழுதினேன். "காலைல அந்தத் துண்டை என் தலைல கட்டினீங்களே, சூப்பருங்க."

"எந்தத் துண்டுங்க?" என்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ஓ அதுவா, சும்மா ட்ரை பண்ணங்க" என்று இன்னொன்று வந்தது.

அந்த நடு இடைவெளியை நான் நம்பவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு ஆள் வேலை கலந்து வந்தால் என் விரலே சொல்லிவிடும். இது இரண்டு கை. சாயங்காலக் கை எதையும் யோசிக்காது. காலைக் கை எதிராளி என்ன நினைப்பார் என்பதையும் சேர்த்து யோசிக்கும். இரண்டையும் ஒரே மனுஷர் என்று என்னிடம் யாரும் தள்ளிவிட முடியாது.

முதலில் அவருக்கு வேலையே இல்லை என்று சந்தேகப்பட்டேன். என் நைனாவின் சிநேகிதர் ஒருவர் காக்களூரில் இருக்கிறார், அவரை விட்டு விசாரித்ததில் ஆள் தினமும் ஒழுங்காக மிஷின் முன்னால் நிற்கிறார் என்று தெரிந்தது. அப்படியானால் மிச்சம் ஒன்றுதான். இன்னொருத்தி இருக்கிறாள். அவருடைய கணக்கையே திறந்து கொடுக்கிற அளவுக்கு நெருக்கமான ஒருத்தி. பொண்ணு என்று ஏன் முடிவு கட்டினேன் என்றால், அந்த ஆமைக்குத் துண்டு கொடுத்த குசும்பு அப்படி. எனக்குப் பொறாமையாக இருந்தது. கோபமும் வந்தது. ஆனாலும் மறுநாள் பதினொரு மணி எப்போது ஆகும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் முழுக்கத் தோற்றேன், ஒருநாள்கூட அலுக்கவில்லை.

அந்த விளையாட்டில் பேச வழியில்லை. அதனால் வாரக் கடைசியில் ஒரு வேலை செய்தேன். என் ஆறு பூதங்களின் கையிலிருந்தும் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்பினேன். எதிர்ப்பக்கமும் என்னைப் பார்த்து ஒரு சோதனைக்காரப் பூதத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அது வந்து நின்றது, அறிவிக்க ஒன்றும் இல்லை. அடுத்ததை இறக்கினேன், அதுவும் காலி. நீ அவர் இல்லை என்று எனக்குத் தெரியும், நான் எதையும் ஒளிக்கவில்லை, நீயும் ஒளிக்காமல் யார் என்று காட்டு என்பது அதன் அர்த்தம். எதிராளி ஓர் அடிகூட அடிக்கவில்லை. ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

பயந்து ஓடிவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கணக்கிலிருந்தே ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. இந்த முறை என் சோதனைக்காரன் போய் நின்றான். அங்கே ஆறு பேருமே வெறுங்கையோடு வந்திருந்தார்கள்.

மாப்பிள்ளை வீடு பார்க்கிற நாள் வந்தது. நானும் வருகிறேன் என்றேன். அம்மா குதித்தாள்.

"பொண்ணு எங்கனா மாப்ள ஊடு பாக்கப் போவாளா? ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும். நான் பாக்காம தாம்பூலம் கெடையாது" என்றேன்.

"வரட்டும் வுடு" என்றார் நைனா. "வாழப்போறது அவதானே."

பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, திருநின்றவூரில் இறங்கிப் போனோம். புதிதாகப் பிரித்த மனைகளுக்கு நடுவே ஒரு தளம் போட்ட வீடு. அம்மா ஜன்னலையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்தாள். நான் துணிக்கொடியைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா ஒல்லி, வீட்டிலும் எப்போதும் புடவைதான் என்று பெண் பார்க்க வந்தபோது சொல்லியிருந்தார். கொடியில் அகலமான இரண்டு நைட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டுத் துணி என்றார் அவர் அம்மா. கூடத்தை ஒட்டி ஓர் அறை சாத்தியிருந்தது. "அது சாமான் ரூமு" என்று, யாரும் கேட்காமலேயே சொன்னார்.

தட்டில் கேசரியும் வடையும் வந்தன. முடிவு சொல்லும் முன் கை நனைக்கக்கூடாது என்று அம்மா எங்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். மாப்பிள்ளை எனக்கு எதிரே இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் போன் டிவி பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. நான் என் போனை எடுத்தேன், அவர் கணக்கு ஆட்டத்தில் இருந்தது. மடியில் வைத்துக்கொண்டே அழைப்பு அனுப்பினேன்.

அவர் கை முழங்கால்மேல்தான் இருந்தது. என் போனில், எதிராளி வந்துவிட்டார் என்று காட்டியது.

அந்தச் சாத்திய கதவைத் தாண்டி, பத்தடி தூரத்தில் அந்தப் பதினொரு மணி ஆட்டக்காரர் உட்கார்ந்திருக்கிறார். கதவைத் திறங்கள் என்று கத்தியிருக்கலாம். ஆனால் இவரே சொல்லட்டும் என்று எனக்குப் பிடிவாதமாக இருந்தது. உள்ளே யார் இருந்தாலும் அது அவர் வாயால் வந்தால் நான் ஏற்றுக்கொள்வேன் என்றுதான் அந்த நிமிஷம் மனதார நினைத்தேன்.

"உங்க வீட்ல எத்தனை பேருங்க?" என்று கேட்டேன்.

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். "மூணு பேருதாங்க. அம்மா, நைனா, நானு."

"நாலு" என்று ஒரு குரல் அறைக்குள்ளிருந்து கேட்டது.

கதவு திறந்தது. முப்பதைத் தாண்டிய ஒரு பெண், நைட்டிக்கு மேலே துப்பட்டா, கையில் போன். மாப்பிள்ளையின் ஜாடை அப்படியே முகத்தில் இருந்தது. "உள்ள போடி" என்று அவர் அம்மா பல்லைக் கடித்தார். அந்தப் பெண் போகவில்லை. என் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நான் இவன் அக்காங்க. கட்டிக்குட்த்த எடத்துல அடி தாங்க முடியாம வந்துட்டன். ஊட்டோட கீற பொண்ணு இருந்தா தம்பிக்கு யாரும் பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு உள்ள வெச்சி சாத்திட்டாங்க. கல்யாணம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்னாங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இவனுக்கு இந்த ஆட்டம் கத்துக் குட்த்ததே நான்தாம்மா. ஐடியே என்னுதுதான்."

நான் அவரைப் பார்த்தேன். இப்போதாவது எழுந்து அக்கா பக்கத்தில் போய் நிற்பார் என்று காத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்தபடி, "யாரு உன்னை வெளிய வரச் சொன்னது?" என்றார். அதைக் கேட்டதும் அவள் முகம் சுருங்கியது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

கேசரி அப்படியே இருந்தது. நாங்கள் கிளம்பிவிட்டோம்.

ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் அம்மாதான் ஆரம்பித்தாள். "அந்தப் பொண்ணு பாவம்டி. அதுவும் நம்மள மாரி ஒரு ஊட்டுப் பொண்ணுதானே. அது இருக்குதுன்னா வேணான்ற?"

"அது இருந்தா எனக்கு இன்னா?" என்றேன். "அந்த ஊட்ல நெசம் பேசினதே அது ஒண்ணுதான்."

"அப்புறம் இன்னாம்மா?" என்று நைனா கேட்டார்.

"கூடப் பொறந்தவளையே இல்லைன்னு சொன்னாரு நைனா. நாளிக்கி எனக்கு ஒண்ணுன்னா, என்னை மட்டும் 'இருக்கா'ன்னா சொல்லப் போறாரு?"