பன்னிரண்டாவது முட்டை

மிலுங்காவுக்கு அப்போது வயது நாற்பத்தாறு. அதுவரை இருபத்தாறாயிரம் முட்டைகளை உடைத்திருந்தாள், ஒன்றுகூடத் தின்பதற்காக அல்ல. நோவி சாத் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் கோழிக்கருவை அறுத்துப் பார்ப்பது அவள் வேலை.

கருவின் இதயம் இரண்டாம் நாளே துடிக்கத் தொடங்கிவிடும். நரம்புகள் பிறகுதான் வந்து சேரும். முதுகுப்பக்கம் கிளம்பும் அவை இதயத்துக்கு எப்படி வழி கண்டுபிடிக்கின்றன? பன்னிரண்டு முட்டைகளின் ஓட்டில் ஓட்டை போட்டு, நரம்பாகப் போகும் திசுவை ஊசியால் சுரண்டியெடுத்து, ஓட்டையை ஒட்டுநாடாவால் மூடியிருந்தாள். இன்னும் பன்னிரண்டைத் தொடவில்லை. ஒப்பிட அவை வேண்டும். இரண்டு முறை மின்வெட்டில் எல்லாம் செத்துப்போய், இது மூன்றாவது முயற்சி. பத்தாம் நாள் திறக்க வேண்டும்.

அந்தப் பத்தாம் நாள், 1999 ஏப்ரல் 9, அந்த ஊர்த் திருச்சபைக் கணக்கில் பெரிய வெள்ளி, ஈஸ்டர் முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றும் நாள். போர்க்காலம்; மதியம் குண்டுவீச்சு விமானங்கள் வருவதாக அபாயச் சங்கு ஊதியது, மின்சாரம் போனது. தொடாத பன்னிரண்டையும் கம்பளியில் சுற்றி, நிலவறை அடுப்போரம் கூடையோடு வைத்துவிட்டு, மற்றவற்றை எடுக்க மாடிக்கு ஓடினாள். ஆற்றுப்பக்கம் குண்டு விழுந்தது. ஜன்னல் வெடித்துக் கண்ணாடி கழுத்தைக் கிழித்தது.

ரத்தம் வழிய, சுரண்டிய பன்னிரண்டும் இருந்த தட்டோடு இறங்கி வந்தாள். காவலாளி திஹோமிர் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். வெங்காயத்தோல் கொதித்துச் சிவந்த நீரில் முட்டைகள் உருண்டன.

"வாங்கக்கா! எவனோ புண்ணியவான் கூடையோட வச்சுட்டுப் போயிருக்கான். மொதல்ல சாயம் ஏறுற முட்டை இந்தக் கட்டடத்துக்கு. வருசம் பூரா காவல் காக்கும்ல? இனி ஒரு குண்டு விழாது."

"பென்சில்ல நம்பர் போட்டிருக்கே, கண்ணு அவிஞ்சா போச்சு?"

"பண்ணைக்காரன் போட்டதுன்னு நெனச்சேன்."

"உள்ள குஞ்சுடா, நாயே! துடிச்சிட்டு இருந்துச்சுடா!"

தட்டை மேசைமேல் பத்திரமாக வைத்தாள். அகப்பையை எடுத்து அவன் மூக்கில் அடித்தாள். மூக்கு உடைந்தது. சாய்ந்தவன் பானையைத் தட்டிவிட, கொதிநீர் அவன் காலில் கொட்டியது. ஓடுகள் தெறித்து, வெந்த குஞ்சுகள் தரையெங்கும் சிதறின. அலறியபடி விழுந்தான், இடதுகையை மட்டும் உயர்த்தியே பிடித்திருந்தான். பானை கொள்ளாமல் போன பன்னிரண்டாவது முட்டை அதில் இருந்தது.

"அதைக் குடு."

"மொதல்ல அகப்பையக் கீழ போடுக்கா."

போட்டாள். டார்ச் வெளிச்சத்தில் முட்டையோட்டைப் பிரித்து, கருவைக் கிண்ணத்தில் இட்டாள். இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அடுத்த குண்டில் கூரைக் காரை பெயர்ந்து அவள் முதுகில் விழுந்தது. கிண்ணத்தின் மேல் கவிழ்ந்து மறைத்துக்கொண்டாள்.

பிறகு எல்லா இதயங்களுக்கும் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, அந்த இதயத்தில் ரத்தக்குழாய்களை ஒட்டி நரம்புகள் ஓடியிருந்தன. சுரண்டிய பன்னிரண்டில் ஒன்றிலும் இல்லை. ஆனால் ஒற்றை இதயத்தை வைத்து யாரும் நம்பமாட்டார்கள்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை, மிலுங்கா இன்னும் இருபத்துநான்கு முட்டைகளை அடைக்கு வைத்தாள்.